இருந்து

தேவகோட்டைக் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில்
பக்கம் எண்பது ரூபாய்.
தமிழில் கொண்டுவந்தால் இங்கிலீஷில் தருவேன்,
இரண்டு நகலோடு.
பாகப்பிரிவினை, வாடகைச் சண்டை,
அண்ணன் தம்பி அடைத்துக்கொண்ட நடைபாதை,
ஈப்போவில் செத்தவரின் சான்று
எல்லாம் வரும்.
பெயர்ச்சொல்லுக்கு நான் பயந்ததில்லை.
வினைச்சொல்லை அகராதி தரும்.
நடுவில் நிற்கிற பொடிசுகள்தான்,
ஆன், இன், அட், டு,
அரிசியில் கல் மாதிரி.
பல்லில் படும்வரை தெரியாது.

உமையாள் வந்தது ஒரு செவ்வாய், மூன்று மணிக்கு.
கரண்ட் இல்லை.
வக்கீல் எழுதிய மூன்று தாளையும்
விசிறியாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கரண்ட் வந்ததும் முதல் வரி அடித்தேன்:
மனுதாரர், எதிர்மனுதாரர் சாத்தப்பன்,
மேரீட் வித்.
வித்துக்கு அடியில்
நீலமாய் நெளிந்தது ஒரு புழு.

"என்னது அது?"
"வித் தப்பாம் ஆச்சி. டு போடணுமாம்."
"டுன்னா?"
"கு. அவருக்கு, இவருக்குங்கிறோமே, அது."
"மொதல்ல போட்டது?"
"ஓடு. கூட."

சுற்றத் தொடங்கியிருந்த மின்விசிறியைக்
கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப மெஷின் சொல்றதுதான் சரி.
கூட எங்க இருந்தாக?
பத்தொம்பது வருஷத்துல நாலு தடவ வந்தாக.
கூட்டிப் பாத்தா நூத்திப் பதினோரு நாள்.
கடுதாசி போடுவேன்,
மேல டுன்னு எழுதி, கீழ அவுக பேரு.
அதே டுதானே இது?"

அதேதான் என்றேன்.
வாழ்க்கைப்பட்டேன் என்ற நம் சொல்லும்
கு கேட்கிற சொல் என்பது
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
இன்னாருக்கு வாழ்க்கைப்பட்டாள்.
இன்னாரோடு என்று
எந்த வாயும் சொல்லிக் கேட்டதில்லை.
முகவரி எழுதி, தலை ஒட்டி,
பெட்டிக்குள் போட்டாயிற்று.
சேர்ந்ததா என்று யார் பார்த்தார்கள்?

வித்தை அழித்தேன். புழு போயிற்று.

இரண்டாம் தாளில் இசைகுடிமானம்.
இரு வீட்டார் கையெழுத்து, ஊர், தேதி.
கோயில் கணக்கில் இவர்கள் ஒரு புள்ளி.
தம்பதிக்கு ஒன்று, வரியும் உண்டு.
துணை செத்தால் அரை என்பார்கள்.
இரண்டு பேரும் உயிரோடிருந்து
தாள் மட்டும் செத்தால் எத்தனை?
நான் கேட்கவில்லை.
அரைப்புள்ளி
என் வலதுகைச் சுண்டுவிரலுக்குக் கீழேதான் இருக்கிறது.
வாக்கியம் முடியாத இடத்தில்
அதை அழுத்துவது வழக்கம்.

மூன்றாம் தாள், கடைசிப் பத்தி.
டைவர்ஸ்ட் என்று அடித்து
யோசிக்காமல் ஃப்ரம் போட்டேன்.
புழு வரவில்லை.
எனக்குப் பெருமைதான்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"
"இருந்து. அவரிடமிருந்து."

சிரித்தார். சத்தமில்லாமல்,
தோள் மட்டும் குலுங்கியது.

"இருந்தாத்தானே தம்பி இருந்து?
நா எங்க இருந்தேன், அங்கேருந்து வர?
அத எடுத்துருங்க."

எடுத்தால் வாக்கியம் நிற்காது என்றேன்.
வேற்றுமை, விதி, கோர்ட்டு
என்று என்னென்னவோ சொன்னேன்.
"நிக்காட்டி போவுது" என்று
இருநூற்று நாற்பதை எண்ணி வைத்தார்.
பத்து ரூபாய்த் தாள்களாய், இருபத்து நான்கு.

மறுநாள் சாயந்திரம் வக்கீல் போன் செய்தார்.
"மூணாம் பக்கம், அடியில,
ஒரு வார்த்தை விழுந்திருக்கேய்யா."
"விழலை சார். எடுக்கச் சொன்னாங்க."
"இடம் காலியாக் கிடக்கு."
"பேனாவுல நீங்களே போட்டுக்கங்க."

எதைப் போடுவது என்று
அவர் கேட்கவில்லை.
முப்பது வருஷம் அனுபவம்,
இலக்கணம் தெரிந்தவர்.